வளர்கிற கம்பெனியில் ஆள் ஏன் நிற்பதில்லை?

9 பிப்ரவரி 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

மதுரையில் மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறேன். 2021-இல் 5 பேர், இப்போது 38 பேர். காலேஜ் முடித்த பையன்களை எடுத்து ஆறு மாதம் சொல்லிக்கொடுக்கிறோம். ஏழாவது மாதம் பெங்களூருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறான். சம்பளம் ஏற்றியும் பார்த்தாச்சு. மதுரைப் பையன்களுக்கு விசுவாசமே கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருட பாண்ட் எழுதி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? அனுபவப்பட்ட அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2024

சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டுகிற யோசனையை முதலில் விடுங்கள் தம்பி. அடகு வைத்த நகையை யாராவது ரசித்துக்கொண்டு இருப்பார்களா? எப்போது மீட்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். பாண்டும் கோர்ட்டில் நிற்காது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது.

நான் உங்கள் துறை இல்லை. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் மசாலா பொடி செய்கிறோம். 2016-இல் திருநகரில் ஒரு வீட்டுப் பின்கட்டில் 6 பேரோடு ஆரம்பித்தது, இன்றைக்கு 92 பேர். மூன்று வருடத்தில் வந்த வீக்கம். வளர்ச்சி என்று எழுதத்தான் நினைத்தேன், கை வீக்கம் என்று எழுதிவிட்டது. இருக்கட்டும்.

என் கட்சி ஒன்றுதான்: சம்பளம். பக்கத்துக் கம்பெனியை விட 500 ரூபாய் கூடக் கொடுத்தால் நிற்பார்கள், குறைத்தால் போவார்கள். மற்றதெல்லாம் மேடைப் பேச்சு. மூன்று வருடத்தில் எங்களிடமிருந்து 100 பேராவது போயிருப்பார்கள். அத்தனை பேரும் காசுக்குத்தான் போனார்கள்.

10 பிப்ரவரி 2024, ராத்திரி

படுத்தபிறகு ஒரு சந்தேகம். அந்த 100 எங்கிருந்து வந்தது? வாயில் வந்ததை எழுதிவிட்டேன். வருகைப் பதிவேடு ஆபீசில் இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

12 பிப்ரவரி 2024

பார்த்தேன். 2021 ஜனவரியில் 20 பேர். அதற்குப்பிறகு சேர்ந்தவர்கள் 143. போனவர்கள் 71. நூறு இல்லை. மன்னிக்கவும்.

ஆனால் தலை கிறுகிறுத்தது வேறு விஷயத்தில். அந்த 71 பேரில் 40 பேர் சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் போயிருக்கிறார்கள். அதில் சில பேருடைய முகமே எனக்கு நினைவில்லை. ஒரு பெண் வெறும் நாலு நாள். பெயருக்கு எதிரே நாலு டிக், அப்புறம் வரிசையாகக் கோடு. முதல் மாதச் சம்பளத்தைக்கூட வாங்காதவளைப் பக்கத்துக் கம்பெனி 500 ரூபாய் காட்டி இழுத்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கம், மூன்று வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனவர்கள் 6 பேர். எண்ணிக்கை சின்னது. ஆனால் அந்த ஆறு பேர் போனபோதுதான் பட்டறையே ஆடியது. நாலு நாளில் போகிறவளும் ஆறு வருடம் கழித்துப் போகிறவரும் ஒரே காரணத்துக்காகப் போக வாய்ப்பில்லை. இரண்டு நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் 38 பேர் கணக்கையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

15 பிப்ரவரி 2024

மேலூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்தில் ஒரே மில்லில் முப்பது வருசம் இருந்தாங்களே, அது விசுவாசம் இல்லையா?"

என் தாத்தா ஹார்வி மில்லில் 31 வருடம் இருந்தார். ஆனால் திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விபட்டி என்று ஓர் ஊரே அந்த மில் தொழிலாளர்களுக்காக உருவானது. குடியிருக்க இடம், சங்கம், மாதம் பிறந்தால் சம்பளம். இவ்வளவும் இருந்தால் நானும்தான் முப்பது வருடம் இருப்பேன். அந்தச் சங்கம்கூட முதலாளி மனசு இளகிக் கொடுத்தது இல்லை. 1918-லேயே ஜார்ஜ் ஜோசப் (நம் ஆட்கள் ரோசாப்பு துரை என்று கூப்பிட்ட அதே வக்கீல்) மதுரையில் மில் தொழிலாளர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டினார். எல்லாம் விசுவாசத்தில் ஓடியிருந்தால் அவருக்கு இங்கே என்ன வேலை?

2 மார்ச் 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் முதல் ஆள் போன வியாழக்கிழமையோடு நின்றுவிட்டார். வறுவல் அக்கா. 2016 ஜூனில் பின்கட்டில் மண் அடுப்பு போட்டு மல்லி வறுத்த நாளிலிருந்து இருந்தவர். தெர்மாமீட்டர் கிடையாது. வாசனை மாறும்போது "இறக்குங்கண்ணே" என்பார், இறக்குவோம். அவர் சொல்லி ஒரு தடவைகூட மல்லி கருகியது இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் அக்கா என்பேன். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

அப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். சாயங்காலம் அடுப்பு அணைந்ததும் அக்கா அதில் வந்து உட்காருவார். விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றல் சாம்பிள் வந்திருக்கும். ஒன்றைக் கிள்ளி, விதையைத் தட்டிப் பார்த்து, "இது போன வருசத்து வத்தல், வேணாம்" என்பார். அதோடு சரி, வேறு விவாதம் இல்லை.

2022-இல் டிரம் ரோஸ்டர் வாங்கினோம். சூடு, நேரம் எல்லாம் பட்டனில். அதை ஓட்ட டிப்ளமோ படித்த பையன் ஒருவன் வந்தான். வற்றல் வாங்குவதற்கென்று ஒருவர் வந்தார். எனக்குக் கண்ணாடி வைத்த அறை வந்தது. ஸ்டூல் எங்கே போனது என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

நின்ற அன்று, "பேரப்புள்ளையப் பாத்துக்கணும்ணே, மருமக வேலைக்குப் போறா" என்றார். நம்பினேன். சேலை எடுத்துக்கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தேன். நேற்று பேக்கிங்கில் ஒரு பெண் சொல்கிறாள்: "பேரப்புள்ளையெல்லாம் இல்லண்ணே. அந்த மிஷின் தம்பியோட சம்பளச் சீட்டு டேபிள்ல கெடந்துச்சு, அக்கா பாத்துருச்சு."

அக்கா வாங்கியது 11,500. மிஷின் தம்பி சேரும்போதே 13,000. அக்காவிடம்தான் அவன் மூன்று மாதம் வேலை பழகினான். நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவனைச் சந்தை விலை கொடுத்து எடுத்தேன். அக்காவுக்கு வருடா வருடம் 500, 700 என்று ஏற்றினேன். ஏற்றும்போதெல்லாம் தாராளமாகச் செய்ததாக ஒரு நினைப்பு வேறு. வளரும் வேகத்தில் புது ஆளுடைய விலை ஏறிக்கொண்டே போனது. பழைய ஆளுடைய விலையை நான் சந்தையில் கேட்டுப் பார்க்கவே இல்லை. ஏன் கேட்க வேண்டும், அவர்தான் போகமாட்டாரே.

3 மார்ச் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கச்சி போனில் திட்டினாள். "அக்காவுக்குச் சேலை எடுத்த பில்லையும் கம்பெனிக் கணக்குலதான எழுதுன?" ஆமாம்.

4 மார்ச் 2024

சம்பளப் பட்டியலை வேறு வரிசையில் அடுக்கினேன். வழக்கமாகப் பெயர் வரிசையில் இருக்கும். இப்போது வேலை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்குள்ளும் சேர்ந்த தேதிப்படி. பேக்கிங், அரவை, சல்லடை, லோடு, லைன் சேல்ஸ். செய்து பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. 9 இடத்தில் பழைய ஆள் புது ஆளைவிடக் குறைவாக வாங்குகிறார். சரிசெய்ய மாதம் கிட்டத்தட்ட 14,000 ஆகும். ஒரு லோடு வற்றலில் விலை ஏறி இறங்குகிற காசு. இதற்கா ஆளை விட்டேன்?

ஆக, என் கட்சி ஜெயித்துவிட்டதா? சம்பளம்தான் காரணம் என்றுதானே சொன்னேன்? பாதிதான். அக்கா பக்கத்துக் கம்பெனியோடு ஒப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற பையனோடு ஒப்பிட்டார்.

20 மார்ச் 2024

தம்பி, அந்த "சம்பளம் ஏற்றியும் போகிறான்" விஷயத்துக்கு வருகிறேன். இதில் பழைய கதை ஒன்று உண்டு. ஃபோர்டு கார் கம்பெனி 1913-இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தது. உற்பத்தி எகிறியது, ஆள் ஓடினான். அந்த வருடம் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 50,000-க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வெளியேறும் விகிதம் 370 சதவீதம். எனக்கு 71 பேருக்கே தூக்கம் போய்விட்டது, அந்த மனுசன் எப்படித் தூங்கினாரோ.

1914 ஜனவரி 5 அன்று ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். கிட்டத்தட்ட இரட்டிப்பு. வேலை நேரமும் 9 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரம் ஆனது. ஓட்டம் நின்றது. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். அந்த 5 டாலரில் ஒரு பகுதிதான் கூலி, மீதி லாபப் பங்கு என்பதை விட்டுவிடுவார்கள். அதை வாங்க ஆறு மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்து, குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்ப்பார்கள். நம் ஊரில் அப்படி ஒருவனை வீட்டுக்கு அனுப்பினால் விளக்குமாறு பறக்கும்.

எனக்குப் பட்டது: வேலையே மனுசனை அரைக்கிற மாதிரி இருந்தால், அதற்கு ஈடுகட்ட இரட்டிப்புக் காசு வேண்டும். நூறு, ஐநூறு ஏற்றி ஈடுகட்ட முடியாது. உங்கள் பையன்களுக்கு பெங்களூருக்காரன் இரட்டிப்புக் கொடுக்கிறான் என்றால் காசில் நீங்கள் தோற்றுத்தான் போவீர்கள். வேறு எதில் ஜெயிக்கலாம் என்று தேடுவது உத்தமம்.

25 ஏப்ரல் 2024

அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள் ஆகிறது. இன்னும் பாதிப் பேருக்குத் தூக்கக் கலக்கம்.

6 பேராக இருந்தபோது சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்கிற பேச்சே கிடையாது. நானே ஷட்டரை இறக்கிவிட்டு எதிர்சேவைக்குப் போய்விடுவேன். போன வருடம் சூப்பர் மார்க்கெட் ஆர்டர் கழுத்தில் கிடந்தது. புது மேனேஜர், "ஒருவருக்கும் லீவு கிடையாது" என்று நோட்டீஸ் ஒட்டினார். 19 பேர் வரவில்லை. அவர் 19 மெமோ அடித்தார். அதில் 5 பேர் அதற்குப்பிறகும் வரவே இல்லை. அந்த 71-க்குள் இந்த ஐந்தும் அடக்கம். சம்பளமாம்!

இந்த வருடம் 22-ஆம் தேதி மதியத்தோடு மூடி, 24 காலையில் திறந்தோம். அதற்கு முந்தைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர்களாகவே வந்து சரக்கை முடித்துக்கொடுத்தார்கள். மேனேஜர், "இதை முதலிலேயே பிளான் செய்திருக்கலாமே சார்" என்கிறார். அழகர் எந்த நாளில் இறங்குவார் என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கிறதே ஐயா.

9 ஜூன் 2024

மூன்று மாதத்துக்குள் போகிறவர்களைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். கன்சல்டன்ட் சொன்னபடி, போகிறவர்களிடம் நிரப்ப ஒரு பாரம் கொடுத்தோம். 12 பேர் நிரப்பினார்கள். 12 பேரும் "சொந்தக் காரணம்". போகிற நேரத்தில் எவன் உண்மையைச் சொல்லிக் கடைசிச் சம்பளத்தை நிறுத்திக்கொள்வான்?

அதனால் இருக்கிறவர்களைக் கேட்டேன். "போயிடலாம்னு என்னைக்கு நெனச்ச?" இதற்கு மட்டும் அணை உடைந்த மாதிரி பதில் வந்தது.

முதல் விஷயம் பஸ். ஷிப்ட் 9 மணிக்கு. திருமங்கலம் பக்கம் உள்ள கிராமங்களிலிருந்து வருகிற பெண்களுக்குத் தோதான டவுன் பஸ் கப்பலூர் வருவது 9.05-க்கு. அதை விட்டால் தனியார் பஸ், போக வர 30 ரூபாய். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ஆக, எங்களிடம் வேலைக்கு வர நாளைக்கு 30 ரூபாய் கொடுத்து பஸ் ஏற வேண்டும், அல்லது ஐந்து நிமிடம் தாமதமாக வந்து அரைமணிச் சம்பளத்தை விட வேண்டும். பயோமெட்ரிக் மிஷின் வைத்தபோது என் நண்பர்களிடம் பெருமையாகச் சொன்னவன் நான். அதற்கு முன்னால் பதிவேடு எழுதிய பெரியவர் 9.15 வரை கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். மிஷினுக்குப் பஸ் நேரம் தெரியாது.

ஷிப்ட் 9.15 ஆகிவிட்டது. சாயங்காலம் 15 நிமிடம் தள்ளி முடிகிறது, அதற்கும் பஸ் இருக்கிறதா என்று இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன்.

இரண்டாவது விஷயம் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. மதியச் சாப்பாடு. பேக்கிங்கில் பெண்கள் ஊர் ஊராக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கள்ளிக்குடி ஒரு வட்டம், பேரையூர் ஒரு வட்டம், டி.கல்லுப்பட்டி ஒரு வட்டம். புதிதாக வருகிற பெண் தூக்குவாளியோடு குழாயடியில் தனியாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை, கூப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நாலு நாள் பெண் ஞாபகம் வந்தது. இருபது பேராக இருந்தபோது எல்லோரும் ஒரே வட்டம்.

இப்போது புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதே பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா பொறுப்பு. மூன்று மாதம் தாண்டினால் அந்த அக்காவுக்கு 1,000 ரூபாய்.

11 ஜூன் 2024

"ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அக்கா அன்பாகப் பார்ப்பாளா, ஆயிரத்துக்காகப் பார்ப்பாளா?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். பேக்கிங் அக்கா ஒருவரிடமே கேட்டேன். "துட்டு இல்லாட்டியும் பாப்போம்ணே. துட்டு இருந்தா ஞாபகம் வச்சுப் பாப்போம்" என்றார்.

14 ஜூலை 2024

இந்தக் குறிப்பு சின்னக் கம்பெனிக்காரர்களுக்கு. வளரும்போது சட்டம் படிப்படியாக உள்ளே வரும். 10 பேரில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), கிராஜுவிட்டி (பணிக்கொடை). 20 பேரில் பி.எஃப். 50 பேரில் குழந்தைக் காப்பகம். முதலாளிக்கு இது செலவு என்று மட்டும்தான் தெரியும். இதனாலேயே ஆள் போவான் என்பது நடந்தபிறகுதான் தெரிந்தது.

2021-இல் 20 பேரைத் தொட்டதும் ஒழுங்காக பி.எஃப். ஆரம்பித்தேன். ஆளுக்கு 12 சதவீதம் பிடித்தம், நானும் 12 போட வேண்டும். முதல் மாதச் சம்பளக் கவரைப் பிரித்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள், திரும்ப எண்ணினார்கள். "எதுக்குண்ணே எங்க காசப் பிடிக்கிறீங்க?" விளக்கினேன். எங்கே ஏறும்? பிடித்தம் இல்லாமல் கையில் கொடுக்கிற இடத்துக்கு நாலு பேர் அடுத்த வாரமே போய்விட்டார்கள். சட்டப்படி நடந்து ஆளை இழந்த புண்ணியவான் நான்.

பிறகு சல்லடைப் பெண் ஒருத்திக்குப் பிரசவம். இ.எஸ்.ஐ.யில் 26 வாரம் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியது, தத்தனேரி ஆஸ்பத்திரியில் ஒரு பைசா வாங்கவில்லை. அவள் கைப்பிள்ளையோடு வந்து கதை சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து அந்தப் பிடித்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் அரைமணி நேரம் போர்டில் எழுதிக் காட்டியதை அவள் ஐந்து நிமிடத்தில் செய்தாள்.

15 ஜூலை 2024

நேற்று கிராஜுவிட்டி என்று எழுதிய பிறகுதான் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. வறுவல் அக்காவுக்குக் கொடுக்கவில்லை! ஐந்து வருடம் தாண்டியவர். சேலையும் போட்டோவும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கணக்கு: கடைசிச் சம்பளம் 11,500. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 6,634 ரூபாய் சொச்சம். ஏழு வருடத்துக்கு 46,442.

16 ஜூலை 2024

தப்பு. ஆடிட்டர் போனில் சிரிக்கிறார். அக்கா இருந்தது 7 வருடம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாகக் கணக்கிட வேண்டும். ஆக 8 வருடம், 53,077 ரூபாய். ஆள் நின்ற 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. நாலு வருடம் 240 நாள் ஆனவர்களையும் விட்டுவிடாதீர்கள் என்றார், 1998-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். எங்கள் பழைய மெக்கானிக் நாலு வருடம் ஒன்பது மாதத்தில் போனவர். இன்னொரு செக்.

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

21 ஜூலை 2024

செக்கை நானே எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டுத் திண்ணையில் இட்லிப் பொடி காய்ந்துகொண்டிருந்தது. தெருவில் நாலு வீட்டுக்குச் செய்து கொடுக்கிறாராம். பேரப்பிள்ளை உண்மையிலேயே இருந்தான், மடியில். பேக்கிங் பெண் சொன்னது பாதி, அக்கா சொன்னது பாதி.

செக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவாண்ணே?" என்றார். அந்தத் தம்பியின் சம்பளச் சீட்டைப் பற்றி நானே எடுத்தேன். "பாத்தேன். கோவந்தான்" என்றார். கொஞ்சம் கழித்து, "அதுக்கு முன்னாடியே ஒரு நா, வத்தல் லோடு வந்து எறங்கி, அரைச்சும் முடிச்சுட்டாங்க. வந்ததே எனக்குத் தெரியாது" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாராவது போய் ஸ்டூல் வாங்கிப் போட்டால் போதும் என்று கிளம்பினால் நான் பொறுப்பில்லை. சம்பளத்தில் குறைந்த 1,500 ரூபாய் 1,500 ரூபாய்தான். ஆனால் பழைய ஆள் ஒருவர் என்ன வேலையில் இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். போன வருடம் எதெல்லாம் அவரைக் கேட்டுச் செய்தீர்கள், இந்த வருடம் எதெல்லாம் கேட்கவில்லை என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மேனேஜரை வைத்ததில் தப்பில்லை. மேனேஜர் வந்த அன்றே அக்காவிடமிருந்து வற்றலைப் பிடுங்கிவிட்டேன் என்பதை நான் கவனிக்கவில்லை. கம்பெனி வளர்ந்தது, எனக்கு அறை பெரிதானது. அக்காவுக்கு வேலை சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

4 ஆகஸ்ட் 2024

தலையை லேசாக்க ஒரு கூத்து. "டீம் அவுட்டிங்" போனால் ஒட்டுதல் வரும் என்று கன்சல்டன்ட் சொல்லி, இரண்டு பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் போனோம். வளைவு ஏறும்போது 17 பேர் வாந்தி. குளிருக்கு யாரும் ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. ஏரிக்கரையில் நின்று, "அண்ணே, இதுக்கு ஆளுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். 900 ரூபாய் என்றேன். "அந்தக் காசையும் குடுத்து, வீட்டுல தூங்கவும் விட்டிருந்தீங்கன்னா..." என்றாள். கன்சல்டன்டை நிறுத்திவிட்டேன்.

18 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கிறார். போன பையன்களில் ஆறு பேரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினாராம். இரண்டு பேர் காசு என்றார்கள். இரண்டு பேர், ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம், கற்றுக்கொள்வது நின்றுவிட்டது என்றார்கள். கிளையன்டிடம் பேசுவதெல்லாம் இவரேதானாம், பையன்களை விடுவதில்லை. மற்ற இரண்டு பேர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: பெண் பார்க்கப் போனால், "மதுரையிலேயே ஏதோ கம்பெனியா?" என்று இழுக்கிறார்களாம், பெங்களூரு என்றால் காபி உடனே வருகிறதாம்.

காபி விஷயத்தில் என்னிடம் மருந்து இல்லை. கிளையன்டிடம் பேச விடுங்கள் தம்பி. நான் அக்காவிடமிருந்து வற்றலைப் பிடுங்கினேன், நீங்கள் கொடுக்கவே இல்லை.

8 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து எட்டு நாள். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். இந்தத் தடவை 12 கொடுத்தேன். 96 பேரில் தீபாவளி முடிந்து திரும்பாதவர்கள் 3 பேர். போன வருடம் 11. போனஸா, பஸ் நேரமா, சாப்பாட்டு வட்டமா, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்றில் எதையும் எடுத்துப் பார்க்கிற தைரியமும் இல்லை.

மிஷின் தம்பியும் அந்த மூன்றில் ஒருவன். ஓசூரில் 19,000. வாழ்த்தித்தான் அனுப்பினேன். இப்படிப் போகிறவனைப் பிடித்து வைக்கக் கூடாது. நாளைக்கு நாலு இடம் பார்த்துவிட்டுத் திரும்பி வர கதவு திறந்திருக்க வேண்டும்.

18 மே 2025

ஒரு திருத்தம். முதல் நாளே, பாண்ட் கோர்ட்டில் நிற்காது என்று அடித்து எழுதியிருந்தேன். இந்த மாதம் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் வேறு மாதிரி சொல்லிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும், வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு 27-ஆவது பிரிவின்படி தொழில் தடை ஆகாது என்று தீர்ப்பு. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுப்பதற்கே விளம்பரம், தேர்வு என்று ஏகப்பட்ட செலவு. அதையும் கோர்ட் பார்த்திருக்கிறது. நம் மாதிரி ஆட்கள் இதைப் படித்துவிட்டு மார்தட்ட வேண்டாம், வக்கீலைக் கேளுங்கள். ஆனாலும் நான் எழுதியது அரைகுறை. அழித்து எழுதாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அடகு நகை பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

19 மே 2025

அக்கா நேற்று பட்டறைக்கு வந்தார். பி.எஃப். பணம் எடுக்க வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் எங்கள் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. இனிஷியல் முன்னே, பின்னே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போகிற வழியில் ரோஸ்டர் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினார். "கொஞ்சம் கூடிருச்சு" என்றார். இப்போது அதை ஓட்டுகிற பையன் பேனலைக் காட்டி, "சூடு சரியாத்தான் இருக்கு" என்றான். நான் நடுவில் நின்றேன். ஒரு கை எடுத்து அரைத்துப் பார்த்தோம். கூடித்தான் இருந்தது. வாரம் இரண்டு நாள் வந்து பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "எவ்வளவு தருவீங்க?" என்றார் முதல் வேலையாக. இன்னும் பேசி முடியவில்லை.

நாளைக் காலை அரவைக்கு ஒரு பையன் வருகிறான், 16,500 கேட்கிறான். மூன்று வருடமாக அரவையில் இருக்கிற தம்பி வாங்குவது 16,000. அந்தத் தம்பிக்கு ஏற்றிவிட்டு அப்புறம்தான் புதுப் பையனை உள்ளே கூப்பிட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.